கறுப்பு மருதாணி என்று ஒன்று கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பெண்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. மருதாணிப் பொடியை டீத்தண்ணீரில் குழைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தலையில் ஒரு மணி நேரம் வைத்து அலசினால் நரை முடி கருகருவென்று ஆகிவிடும், பக்க விளைவே கிடையாது என்று நாலே வரியில் போட்டிருந்தீர்கள். இருபத்தெட்டு வருஷமாக உங்கள் பேப்பர்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறது, குறை சொல்லி ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த நாலு வரியை நம்பி யாராவது மருதாணி போட்டுப் பார்ப்பார்கள், தலை கறுக்காமல் செம்பட்டையாக வந்து நிற்கும், நாலு பேர் கேட்பார்களே என்று அடுத்த நாளே கடைக்குப் போய் "கறுப்பா வர்ற மருதாணி இருக்கா" என்று கேட்பார்கள். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது.

மருதாணி நரையைக் கறுப்பாக்காது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஆக்காது. அந்த இலைக்குள் இருக்கிற சாயத்துக்கு லாசோன் என்று பெயர், அதன் நிறமே ஆரஞ்சு கலந்த சிவப்பு. அது போய்ப் பிடித்துக்கொள்வது முடியில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தை. நகத்திலும் தோலிலும் அதே புரதம்தான் இருக்கிறது, தோல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளங்கையில் போட்ட சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விட்டாலும் நகத்தில் மட்டும் மாதக்கணக்கில் நிற்கிறது, நகம் வளர்ந்து வெட்டி எறிந்தால்தான் போகிறது. தலையிலும் அதே கதைதான். முடியில் ஏற்கெனவே இருக்கிற கறுப்பை மருதாணி எடுப்பதும் இல்லை, புதிதாகக் கறுப்பு கொடுப்பதும் இல்லை. மேலே ஒரு சிவப்பு ஏறுகிறது, அவ்வளவே. கறுப்பு முடியில் அந்தச் சிவப்பு வெயிலில் நின்றால்தான் தெரியும். வெள்ளை முடியில் மறைக்க எதுவும் இல்லாததால் பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரிகிறது.

எங்கள் ஆச்சி ஆடி மாதம் பிறந்ததும் வேலி மருதாணியை உருவி வந்து, ஒரு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் மையாக அரைப்பாள். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் வைத்துவிடுவாள், அப்போதுதான் நாங்கள் கையை ஆட்டாமல் தூங்குவோம் என்று. காலையில் உதிர்த்தால் ஆரஞ்சாக இருக்கும், சாயங்காலத்துக்குள் குங்குமமாகும், மறுநாள் விரல் நுனியில் கருஞ்சிவப்பு வரைக்கும் போகும். அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. அந்த இலைதான் இன்றைக்கும் இருக்கிறது, அதன் குணம் மாறிவிடவில்லை. அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற ஒரு பொடிக்கு மருதாணி என்று பெயர் போட்டிருந்தால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. சாத்தூரில் இருக்கிறாள். போன வருஷம் அவள் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். அதற்கு இரண்டு நாளுக்கு முன்னால் நான் போயிருந்தபோது தலைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சும்மா மருதாணி என்றே நினைத்தேன். பாக்கெட்டில் மருதாணிக் கொப்பு படம், பக்கத்தில் மருதாணி போட்ட இரண்டு கை, மேலே பெரிய எழுத்தில் இயற்கை மூலிகை, அம்மோனியா இல்லாதது என்று தமிழில். பொடி மட்டும் பச்சையாக இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அலசிவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "ஏட்டி, பாரேன், எப்படிக் கறுத்துட்டு!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள். நானும் நல்லா இருக்குக்கா என்றுதான் சொன்னேன்.

அன்று ராத்திரி காதுக்குப் பின்னால் அரிக்கிறது என்றாள். எறும்பு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். மறுநாள் நெற்றியில் முடி ஆரம்பிக்கிற இடம் முழுக்கத் தடித்துவிட்டது, மதியம் கண் இமை கனத்தது. வளைகாப்பன்று காலையில் ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. காது மடல் இரண்டும் வீங்கி, கழுத்து வரைக்கும் தடித்து, வகிடு ஓரமாக நீர் கசிந்துகொண்டிருந்தது. தலையணை உறை நனைந்து ஒட்டிக்கொண்டது, அதைப் பிரித்தெடுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பெற்ற தாய் முதல் வளையல் போட வேண்டிய நேரத்தில் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளைத்தாச்சி பயந்துவிடக் கூடாது என்று யாருக்கும் காட்டவும் இல்லை. சபை எல்லாம் கலைந்த பிறகு மகள் தானே உள்ளே போய் கையை நீட்டி, தடவிப் பார்த்து வளையல் போடச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். பார்த்ததும் "தலைக்கு என்ன போட்டீங்க?" என்றுதான் முதல் கேள்வி. மருதாணி என்றோம். பாக்கெட்டைக் கொண்டுவாங்க என்றார். கொண்டுபோய்க் கொடுத்ததும் மேலே இருந்த படத்தைப் பார்க்கவே இல்லை, நேராக அடியில் ஒட்டு மடிப்புக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் பாரா ஃபினைலின் டையமின் என்று இருந்தது. சுருக்கமாகப் பிபிடி என்கிறார்கள். சாதாரணமாகக் கடையில் விற்கிற கறுப்பு ஹேர் டை பெரும்பாலானவற்றில் இருக்கிற அதே ரசாயனம்தான். மருதாணி இலைப் பொடியில் இதைக் கலந்தால் அது கறுப்பு மருதாணி ஆகிவிடுகிறது.

"இதுக்கு முன்னாடி மூணு தடவை போட்டிருக்கேனே டாக்டர், அப்பல்லாம் ஒண்ணும் செய்யலையே" என்று அக்கா கேட்டாள். எல்லோரும் நினைப்பது இதுதான், அதனால் அவர் சொன்ன பதிலை எழுதிவிடுகிறேன். இந்த ஒவ்வாமை முதல் தடவையே வர வேண்டும் என்று இல்லையாம். உடம்பு அந்த ரசாயனத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் எதிரியாக முடிவு கட்டிவிடுகிறது. வருஷக்கணக்கில் டை அடித்தவர்களுக்குக்கூடத் திடீரென்று வரும். போட்ட உடனே வராமல் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வருவதால் பலருக்கு இதனால்தான் வந்தது என்றே தெரிவதில்லை, சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழி போட்டுவிடுகிறோம். ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் பிபிடி பக்கமே போகக் கூடாது, அடுத்த தடவை இதைவிட மோசமாக வரும் என்றார். அக்காவுக்கு வீக்கம் வடிய பத்து நாளுக்கு மேல் ஆனது. காதுக்குப் பின்னால் தோல் கறுத்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

அந்தப் பாக்கெட்டை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் எழுத்து புரியவில்லை, செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன், ரவையைவிடச் சின்ன எழுத்து. இயற்கை என்பதும் மூலிகை என்பதும் கொட்டை எழுத்தில் தமிழில் இருக்கிறது. ரசாயனத்தின் பெயரும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், எச்சரிப்பதற்கு வேண்டாமா? ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அக்கா அதில் எதைப் படிப்பாள்? அவளை விடுங்கள், ஆங்கிலம் படித்த பிள்ளைகள்கூட மருதாணி வாங்கும்போது அடி மடிப்பைப் புரட்டிப் பார்ப்பார்களா?

அக்கா மகள் பார்மசி படித்தவள். பிரசவம் முடிந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே இதைத் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். 1945-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 149-ஆம் விதி இதற்காகவே இருக்கிறதாம். பிபிடி உள்ள ஹேர் டை என்றால் இது சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாக்கும், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமை முடிக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அந்தந்த ஊர் மொழியிலும் அச்சடிக்க வேண்டும், வெளி அட்டையிலும் உள் உறையிலும் இருக்க வேண்டும். சோதிக்கிற முறையும் அதே மாதிரி இரண்டு மொழியிலும் உள்ளே வைக்க வேண்டும்: காதுக்குப் பின்னால் அல்லது முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் விட்டு, அரிப்பும் சிவப்பும் இல்லை என்றால்தான் தலைக்குப் போகலாம், ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்ய வேண்டும். 2020-ல் அழகுசாதனப் பொருட்களுக்கென்று தனி விதிகள் வந்த பிறகும் இந்த எச்சரிக்கையை யாரும் எடுத்துவிடவில்லை. ஆக, தமிழில் இருக்க வேண்டும் என்பது நான் புதிதாகக் கேட்கிற சலுகை கிடையாது, ஏற்கெனவே சட்டத்தில் இருப்பது. நான் அதற்கு அப்புறம் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஏழெட்டுப் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன், மருதாணி என்று பெயர் போட்டுக் கறுப்பு நிறம் தருவதாகச் சொன்ன ஒன்றில்கூடத் தமிழில் எச்சரிக்கை இல்லை.

புருவம் என்றதும் நினைவு வருகிறது. சலூனில் ஆண்கள் மீசைக்கு டை அடிக்கும்போது அதே பிரஷ்ஷால் புருவத்தையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், நான்தான் நிறுத்தினேன். கண்ணுக்கு அரை அங்குல தூரத்தில் வைக்கிற பொருளா அது?

சரி, அப்போது நரையை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். கறுப்பு வேண்டும் என்றால் அதற்கும் இலை இருக்கிறது. அதன் பெயர் அவுரி. நீலி என்றும் சொல்வார்கள், துணிக்கு நீலச் சாயம் எடுத்த அதே செடி, திண்டிவனம் பக்கத்தில் இப்போதும் பயிர் செய்கிறார்கள். முதலில் மருதாணியால் சிவப்பு ஏற்றி, அதன் மேல் அவுரியால் நீலம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து கறுப்பாகத் தெரியும். இரண்டு வேலை, அரை நாள் போகும், அதைச் சொல்லாமல் ஒரு மணி நேரத்தில் கருகரு என்று எழுதுவதால்தான் ஜனங்கள் பாக்கெட்டுக்குப் போகிறார்கள். நான் ஆறு வருஷமாகச் செய்கிறேன், என் கை அளவிலேயே எழுதுகிறேன்.

மருதாணி எங்கள் வேலியிலேயே இருக்கிறது. கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த இலை நன்றாகவே பிடிக்கும். முற்றின இலையாக உருவி நிழலில் நாலு நாள் காய வைத்து, கையால் நொறுக்கினால் நொறுங்குகிற பக்குவத்தில் மிக்ஸியில் அடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து வைத்துக்கொள்வேன். சலிக்காமல் போட்டால் திப்பி முடியில் சிக்கிக்கொண்டு நாலு தண்ணீர் அலசினாலும் போகாது. செடி இல்லாதவர்கள் கடையில் வாங்கலாம், ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் ஊர்ப் பொடிதான் அதிகம் வருகிறது, அந்த ஊர் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும் பொருள் பட்டியலில் மருதாணி இலை என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. பொடி காய்ந்த வைக்கோலும் டீத்தூளும் கலந்த மாதிரி மணக்கும், பழுத்த பச்சையாக இருக்கும். ரொம்பப் பழுப்பாக இருந்தால் பழைய சரக்கு. கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

எனக்குத் தோளுக்குக் கீழே முடி, 100 கிராம் சரியாக இருக்கிறது. இடுப்பு வரைக்கும் இருப்பவர்களுக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும். டீத்தூளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் அதில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்வேன். புளிப்பு இருந்தால் சாயம் நிதானமாக இறங்கி நிறம் நன்றாக நிற்கும். இரும்புச் சட்டியில் ஊற வைத்தால் கறுப்பு வரும் என்பது பாதி உண்மை. டீயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்ததே அந்தக் கணக்கில்தான், அதனால் சிவப்பு கொஞ்சம் அடர்த்தியாகும், ஆனால் வெள்ளை முடி கறுப்பாகும் அளவுக்கு வராது. முட்டையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நிறத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, வாடைதான் மூன்று நாள் போகாது. தயிர் ஒரு கரண்டி சேர்த்தால் குழைக்க வழவழப்பாக இருக்கும்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு மூன்று மணி நேரத்திலேயே தயாராகிவிடும், மார்கழியில் ராத்திரி முழுக்கப் போகும். மேல்பரப்பு பழுப்பாகி, கரண்டியால் கீறினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் வைத்துத் துடைத்தால் ஆரஞ்சுக் கறை விழ வேண்டும். அதுதான் பக்குவம். அப்புறம் எண்ணெய்ப் பசை இல்லாத தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, நரை அதிகமாக இருக்கிற காதோரத்திலும் முன்நெற்றியிலும் முதலில் வைத்து, பாலிதீன் கவரால் கட்டிக்கொண்டு மூன்று நாலு மணி நேரம் விட வேண்டும். காய விட்டால் பிடிக்காது, இழுத்து அலசும்போது முடிதான் அறுகிறது. ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். இப்போது கண்ணாடியைப் பார்த்தால் காதோரம் நெருப்பு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

அவுரிக்கு முறையே வேறு. ஊற வைக்கவே கூடாது. எலுமிச்சையும் கூடாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தலையில் வைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் மட்டும் குழைக்க வேண்டும். பச்சைப் பட்டாணியை வேக வைத்த மாதிரி ஒரு வாடை வரும், கிண்ணத்தின் மேல்பரப்பில் நீலம் படர ஆரம்பிக்கும். அந்த நீலம் தெரிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு மளமளவென்று வைத்துவிட வேண்டும், அரை மணி நேரம் தாமதித்தால் சத்து போய்விடும். காற்றில் இருக்கிற பிராணவாயு பட்டுத்தான் அது நீலமாகிறது, அந்த மாற்றம் முடிக்குள் நடக்க வேண்டுமே தவிர கிண்ணத்தில் நடந்து முடிந்துவிடக் கூடாது. ஒன்றரை மணி நேரம் வைத்து அலசினால் முதலில் ஒரு மாதிரி பச்சையும் நீலமும் தெரியும். முதல் தடவை நான் அதைப் பார்த்துவிட்டு அழாத குறையாக உடனே சீயக்காய் போட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன். தொடாமல் விட்டால் மறுநாள் காலையில் அடர்பழுப்பு, அதற்கு மறுநாள் கறுப்பு. இரண்டு நாளைக்கு ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம்.

மருதாணியின் சிவப்பு போகவே போகாது, அவுரியின் நீலம் மட்டும் அலச அலசக் கொஞ்சம் வெளுக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்வதால் நாலு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு தெரியும், அந்த வேருக்கு மட்டும் போட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் முழு முடிக்கும் போட்டால் வறண்டு நார் மாதிரி ஆகிவிடும். அலசிய மறுநாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சளி, சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல் வைத்து, வெயில் இருக்கும்போதே அலசித் தலையைக் காய வைத்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், எங்கள் தெற்கத்தி மாவட்டங்களில் இருப்பவர்களுக்காக. இங்கே நாட்டு மருந்துக் கடையில் போய் அவுரிப் பொடி என்று கேட்டால் பல தடவை வேறு பொடியைக் கொடுப்பார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்கிறோம், பேதிக்குக் கொடுக்கிற இலை அது, திருநெல்வேலி சென்னா என்ற பெயரில் வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரிந்த அவுரி அதுதான். நானும் முதலில் அதைத்தான் வாங்கிவந்து இரண்டு மணி நேரம் தலையில் கட்டிக்கொண்டு இருந்தேன், காதோரத்து ஆரஞ்சு அப்படியே இருந்தது. அதனால் "தலைக்குச் சாயம் போடுற நீலி அவுரி" என்று கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் போட்டு வையுங்கள், கால் மணி நேரத்தில் நீலம் படரவில்லை என்றால் அது வேண்டிய பொருள் கிடையாது.

இலை என்பதால் யாருக்கும் எதுவும் செய்யாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்குச் சுத்தமான மருதாணியே அரிக்கும், அவுரியும் அரிக்கலாம், அதனால் இவற்றுக்கும் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்ப்பதே நல்லது. கைக்குழந்தைகளுக்குக் கை காலெல்லாம் மருதாணி அப்புகிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாட்டோடு பிறக்கிற குழந்தைகளுக்கு மருதாணிச் சாயம் தோல் வழியாக உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியாது. அக்கா மகள் தன் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் மருதாணி வைக்க விடவில்லை, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், அவள் கேட்கவில்லை. சரியாகத்தான் செய்தாள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக் குறிப்பு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், மருதாணி நரையைச் சிவப்பாக்குமே தவிர கறுப்பாக்காது, கறுப்பாக்கும் என்று விற்கிற மருதாணிப் பாக்கெட்டின் அடியில் பிபிடி இருக்கிறதா என்று பாருங்கள் என்று போடுங்கள். உள்பக்கத்தில் ஒரு மூலையில் திருத்தம் என்று போட்டால் குறிப்பைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்தவர்கள் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒட்டி வைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் உங்கள் நிருபர்களில் யாராவது ஒருவரை ஒரே ஒரு நாள் கடைகளுக்கு அனுப்புங்கள். பெட்டிக்கடை, பேன்சி ஸ்டோர், சந்தையில் தரையில் பரப்பி விற்கிற இடம் எல்லாவற்றிலும் கறுப்பு மருதாணி வாங்கி, எதில் தமிழில் எச்சரிக்கை இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். அதிகாரிகளிடமும் போய் இந்த விதி எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் தனித்தனியாகக் கேட்டால் பதில் வராது, பேப்பரில் இருந்து கேட்டால் வரும். பிபிடி போட்டு விற்கட்டும், வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும், ஆனால் மருதாணிக் கொப்பைப் படம் போட்டு, மூலிகை என்று தமிழில் எழுதி, ஆபத்தை மட்டும் யாரும் படிக்க முடியாத அளவில் இன்னொரு மொழியில் எழுதி விற்கக் கூடாது.

அக்கா இப்போது வெறும் மருதாணி மட்டும் போடுகிறாள். அவுரிக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. காதோரம் சிவப்பாகத்தான் இருக்கிறது, அது இருந்துட்டுப் போகட்டும் என்கிறாள்.

அவள் போட்ட அந்தப் பாக்கெட்டின் உறை என்னிடம் இருக்கிறது, பாதிப் பொடியும் அப்படியே இருக்கிறது, ஒரு டப்பாவில் போட்டு மூடி பரண் மேல் வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் யாராவது வந்து கேட்டால் தருகிறேன், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அக்கா தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கோவில்பட்டி.